ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்குத் தடுப்பூசி: யார் சொல்வதைக் கேட்பது?

கொழிஞ்சாம்பாறை அப்பா:

வணக்கம். என் மகளுக்கு நான்கரை வயது. நெஃப்ரோடிக் சிண்ட்ரோம், அதாவது சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய். அதற்குத்தான் ஸ்டீராய்டு. ஒன்றரை வயதில் ஒரு காலை முகம் வீங்கி எழுந்தாள். அன்றிலிருந்து மருந்து குறைவதும், சிறுநீரில் மறுபடி புரதம் இறங்குவதும், மருந்து ஏறுவதுமாகவே போகிறது. அந்த வயதில் போட வேண்டிய தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணையும் டிபிடி என்ற முத்தடுப்பூசியின் பூஸ்டரும் அந்தக் களேபரத்தில் விட்டுப்போயின.

பக்கத்து சுகாதார நிலையத்தில் கேட்டால், "ஸ்டீராய்டு நிற்கட்டும், பார்க்கலாம்" என்கிறார்கள். கோயம்புத்தூரில் பார்க்கும் குழந்தை மருத்துவர், "தாராளமாகப் போடலாம்" என்கிறார். இரண்டு பேரும் விவரம் தெரிந்தவர்கள்தான். நடுவில் நிற்கிற எனக்குத்தான் தலை சுற்றுகிறது. ஸ்டீராய்டு நிற்கிற நாளையும் காணோம். போதாக்குறைக்கு எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் வேப்பிலை கட்டியிருக்கிறார்கள். மகளுக்குச் சின்னம்மை ஊசி போட்டதில்லை, வந்ததும் இல்லை. இதே நிலையைக் கடந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தேவிகுளம் தோட்டத்துக்காரர்:

போடாதீர்கள். அதே நோய் உள்ள என் மகனுக்கு ஊசி போட்ட அடுத்த வாரமே சிறுநீரில் புரதம் 3 பிளஸ் வந்தது. ஆறு மாதமாகச் சுத்தமாக இருந்த பிள்ளை. அதற்குப் பிறகு ஒரு ஊசியும் போடவில்லை, போடப்போவதும் இல்லை. டாக்டர்களுக்கு அட்டையில் கட்டம் நிரம்ப வேண்டும்; பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்குகிறவன் நான்.

நகரி செவிலி:

தம்பி (கொழிஞ்சாம்பாறைத் தம்பியைச் சொல்கிறேன்), முதலில் அந்த இரண்டு வேப்பிலை வீடுகளின் கதையைச் சொல்லுங்கள். உங்கள் மகள் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு கடைசியாக எப்போது விளையாடினாள்? கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அது தொற்ற ஆரம்பித்துவிடும். விளையாடியிருந்தால் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்காமல் இன்றைக்கே சிறுநீரக மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். ஊசி விவகாரத்தைப் பிறகு பேசலாம்.

கொழிஞ்சாம்பாறை அப்பா:

இல்லை அக்கா, அந்தப் பக்கம் போகவே விடவில்லை. தெருக் கோடியில் இருக்கிற வீடுகள். இவள் பள்ளிக்கும் இன்னும் போகவில்லை.

நகரி செவிலி:

நல்லது. இனி நிதானமாகச் சொல்கிறேன். நான் ஆந்திர அரசில் ஏஎன்எம்மாக, அதாவது துணைச் செவிலியாக இருந்து ஓய்வுபெற்றவள். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் சுமந்தே காலம் போனது. உங்களுக்குப் பதில் சொன்ன இரண்டு பேரும் வேறு வேறு ஊசியை மனத்தில் வைத்துப் பேசியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கொன்ற கிருமியோ கிருமியின் ஒரு துண்டோ இருக்கிற ஊசிகள் ஒரு வகை. டிபிடி, ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, ஊசியாகப் போடும் போலியோ, நியூமோனியா உண்டாக்கும் கிருமிக்கான நியூமோகாக்கல், ஃப்ளூ ஊசி எல்லாம் இதில் சேரும். இவற்றால் அந்த நோய் வர வழியே இல்லை. ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்கும் போடலாம். மருந்து அதிகமாக இருக்கும்போது போட்டால் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் குறைவாக ஊறும் என்பதுதான் குறை. அதனால் நோய் அடங்கி, மருந்து குறைந்திருக்கும் சமயத்தைப் பார்த்துப் போடுவார்கள். உங்கள் மகளுக்கு விட்டுப்போன டிபிடி இந்த வகை. அதைத் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை.

உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து கொடுப்பது இன்னொரு வகை. காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு, தட்டம்மை–ரூபெல்லா, அவற்றோடு பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர், சின்னம்மை ஊசி. சாதாரணப் பிள்ளையின் உடம்பு அந்தக் கிருமியை அடக்கிவிடும். ஸ்டீராய்டு அதிகமாக ஓடுகிற உடம்பில் அது தலையெடுத்துவிடலாம். உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் தயங்கியது இதற்காகத்தான். தயக்கம் சரி, ஆனால் எல்லா ஊசிக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தியதுதான் சரியில்லை.

எவ்வளவு ஸ்டீராய்டு என்றால் அதிகம்? இந்த நோய்க்குக் கொடுக்கிற ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் கிலோ எடைக்கு 2 மில்லிகிராம், அல்லது மொத்தமாக 20 மில்லிகிராம், தினமும் 14 நாளோ அதற்கு மேலோ சாப்பிட்டிருந்தால் உயிருள்ள ஊசி கூடாது. நிறுத்தி ஒரு மாதமாவது ஆக வேண்டும் என்பது பொது விதி. நெஃப்ரோடிக் பிள்ளைகளுக்கு மருந்து முழுதாக நிற்கும் வரை காத்திருந்தால் பள்ளிப் பருவமே முடிந்துவிடும். அதனால் கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக வழிகாட்டுதல் கொஞ்சம் இடம் கொடுக்கிறது: தினசரி மருந்து கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே, மொத்தத்தில் 20 மில்லிகிராமுக்குள், வந்துவிட்டாலோ, ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே, மொத்தத்தில் 40 மில்லிகிராமுக்குள், வந்துவிட்டாலோ போடலாம். ஸ்டீராய்டு மட்டும் சாப்பிடும் பிள்ளைக்கு இது. மைக்கோஃபினோலேட், சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ், லெவமிசோல் மாதிரி வேறு மருந்து சேர்ந்திருந்தால் கணக்கே வேறு. சைக்ளோஃபாஸ்ஃபமைடு முடித்திருந்தால் மூன்று மாதமாவது தாண்ட வேண்டும். ரிடக்ஸிமாப் போட்டிருந்தால் இன்னும் நீளும்.

ஊசி போட வேண்டுமே என்று நீங்களாக ஸ்டீராய்டை நிறுத்திவிட்டுக் கூட்டிப் போகாதீர்கள். அப்படிச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நீண்ட நாள் சாப்பிட்ட மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் பிள்ளை மயங்கி விழலாம்.

கொழிஞ்சாம்பாறை அப்பா:

அக்கா, யாரும் எனக்கு இப்படி உடைத்துச் சொன்னதில்லை. எடை 15 கிலோ. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் 20 மில்லிகிராம். வேறு மருந்து இல்லை. அப்படியானால் நீங்கள் சொன்ன அளவுக்குள் வருகிறதே?

நகரி செவிலி:

வருகிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது நான் அல்ல, உங்கள் சிறுநீரக மருத்துவர். நோய் அடங்கி எத்தனை வாரம் ஆயிற்று, இன்னும் கொஞ்சம் குறைத்த பிறகு போடலாமா என்பதெல்லாம் அவர் கையில். வாயால் சொன்னால் போதாது. எந்த ஊசி, எப்போது, இப்போதைய மருந்தளவு என்ன என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டைக் காட்டினால் எந்தச் சுகாதார நிலையத்திலும் மறுக்க மாட்டார்கள். சீட்டு இல்லாமல் போய் நின்றால் நானே கூட அந்த நாற்காலியில் இருந்தபோது யோசித்திருப்பேன்.

தேவிகுளம் தோட்டத்துக்காரர்:

எல்லாம் சரி. என் மகனுக்கு 3 பிளஸ் வந்ததற்கு யார் பதில் சொல்வது?

வாளையாறு கணக்கர்:

அண்ணா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டிலும் இதே நோய். பையனுக்கு இப்போது பத்து வயது. காலையில் எழுந்ததும் சோதனைக் குழாயில் சிறுநீரைப் பிடித்து, மேல்பகுதியை மட்டும் சூடாக்கி, வெள்ளையாகத் திரள்கிறதா என்று பார்த்து, டைரியில் ட்ரேஸ், 1 பிளஸ், 2 பிளஸ் என்று எழுதுவதே என் காலை வேலை. இப்போது பட்டை இருக்கிறது, நனைத்துப் பார்த்தால் போதும், பழக்கம் விடவில்லை. பழைய டைரிகளை எடுத்துப் புரட்டினேன். பக்கத்து ஓரத்தில் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஊசி எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன். மறுபடி வந்தவற்றில் பெரும்பாலானவை சளியோடு ஒட்டி வந்திருக்கின்றன. எங்கள் பக்கம் ஜூனில் கணவாய்க் காற்றும் மழையும் தொடங்கினால் 3 பிளஸும் கூடவே வரும். ஊசிக்குப் பின்னால் வந்ததும் ஒன்று உண்டு. ஊசி போட்டு ஒன்றும் ஆகாத பக்கங்கள் நிறைய உண்டு. அவை யாருடைய ஞாபகத்திலும் நிற்பதில்லை.

அடிக்கடி மறுபடி வருகிற நோய் இது. எந்த வாரத்தில் ஊசி போட்டாலும் அடுத்த வாரம் வர ஓரளவு வாய்ப்பு இருந்துகொண்டேதான் இருக்கும். ஊசி போட்ட பிள்ளைகளையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், ஊசியால் நோய் மறுபடி வருவது கூடுகிறது என்று பொதுவாகத் தெரியவரவில்லை. தொற்றால் கூடுகிறது என்பது எல்லோரும் ஒப்புக்கொண்டது. எங்கள் மருத்துவர் இதனால்தான் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசியை விடாமல் போடச் சொல்கிறார். மழைக்கு முன்னால் போட்டுவிடுவோம். மூக்கில் அடிக்கிற வகை கூடாது, ஊசிதான். மூக்கில் அடிப்பது உயிருள்ளது.

தேவிகுளம் தோட்டத்துக்காரர்:

என் டைரியில் சளியைக் குறித்ததில்லை. மூணாறில் சளி இல்லாத வாரம் எது என்று எழுதினால்தான் உண்டு.

வேலந்தாவளம் டீச்சர்:

சின்னம்மையைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் நெஃப்ரோடிக் உள்ள மாணவன் ஒருவன் இருந்தான். வகுப்பில் ஒருவனுக்கு அம்மை கண்டது, இவனுக்கும் தொற்றியது. இவன் வீட்டில் ஆத்தா வந்திருக்கிறாள், மருந்து கொடுத்தால் கோபித்துக்கொள்வாள் என்று பாட்டி படுக்கையைச் சுற்றி வேப்பிலை போட்டு, மஞ்சள் தண்ணீர் வைத்து உட்கார்ந்துவிட்டார். மாரியம்மன் கோவிலுக்குக் கூழ் ஊற்றும் குடும்பம். அவர் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். நுரையீரலில் இறங்கியிருந்தது. பிழைத்தான். வேப்பிலையையும் கட்டுங்கள், டாக்டர் தருகிற அம்மை மருந்தான அசைக்ளோவிரையும் கொடுங்கள். ஆத்தா இரண்டையும் பொறுத்துக்கொள்வாள்.

நகரி செவிலி:

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஊசி போடாத, முன்பு அம்மை வராத பிள்ளை ஸ்டீராய்டில் இருக்கும்போது அம்மை கண்டவரோடு ஒரே அறையில் இருந்துவிட்டால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விஇசட்ஐஜி என்று ஆயத்த எதிர்ப்புப் புரத ஊசி ஒன்று உண்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, பத்து நாளுக்குள் போட வேண்டும். அது எல்லா ஊரிலும் கிடைக்காது, விலையும் கையைக் கடிக்கும். கிடைக்காவிட்டால் அசைக்ளோவிர் மாத்திரையை முன்கூட்டியே தொடங்குவார்கள். எதுவானாலும் முதல் நாளே மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

பாறசாலை அம்மா:

நான் வேறு பாதையில் வந்தவள். என் மகனுக்குப் பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் அடைப்பு. வால்வு அறுவை செய்தும் இரண்டு சிறுநீரகமும் தேறவில்லை. ஸ்டீராய்டு இல்லை. சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு மட்டும் இரத்தத்தில் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. எங்களுக்கு நேரம் இருந்தது, அதை வீணாக்கக் கூடாது என்று மருத்துவர் ஆரம்பத்திலேயே சொன்னார். மாற்றுச் சிறுநீரகம் வைத்துவிட்டால் ஆயுள் முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. பிறகு உயிருள்ள ஊசிக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. ஆகவே எம்எம்ஆர், சின்னம்மை இரண்டையும் அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். கொன்ற கிருமி ஊசிகளை அறுவைக்குப் பிறகு சில மாதம் கழித்து மறுபடி தொடரலாம். ஆனால் முன்னால் போட்டால் பிடிக்கிற அளவு பின்னால் பிடிக்காது.

எம்எம்ஆர் என்று நான் எழுதுவது காரணத்தோடுதான். அரசு அட்டவணையில் இருப்பது தட்டம்மையும் ரூபெல்லாவும் மட்டும். பொன்னுக்கு வீங்கிக்கான பங்கு அதில் இல்லை. 2024இல் கேரளம் முழுக்கப் பொன்னுக்கு வீங்கி பரவியபோது எங்கள் தெருவே கன்னம் வீங்கித் திரிந்தது. சின்னம்மை ஊசியும் அரசு அட்டவணையில் கிடையாது, வெளியே வாங்கித்தான் போட வேண்டும்.

அதைவிட முக்கியம் ஹெபடைடிஸ் பி. டயாலிசிஸ் வந்தால் இரத்தத்தோடு உறவாடும் வாழ்க்கை. மகனுக்குப் பச்சைக் குழந்தையிலேயே எல்லாத் தவணையும் போட்டிருந்தது. ஆனாலும் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று இரத்தத்தில் பார்த்தார்கள். 10க்குக் கீழே இருந்தது. 10 இருந்தால்தான் பாதுகாப்பு. சிறுநீரகம் கெட்ட உடம்பில் ஊசி சரியாகப் பிடிப்பதில்லை என்றும், பிடித்ததும் சீக்கிரம் இறங்கிவிடும் என்றும் சொன்னார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு இரட்டை அளவு கொடுப்பார்கள். மீண்டும் முழுத் தொடரையும் போட்டு, கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்துச் சோதித்தபோது ஏறியிருந்தது. டயாலிசிஸில் இருக்கிறவர்களுக்கு அதை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். அட்டையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது என்று யாராவது நிம்மதியாக இருந்தால், தயவுசெய்து இந்த ஒரு இரத்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த கையில் ஊசி வேண்டாம், மறு கையில் போடச் சொல்லுங்கள். டயாலிசிஸ் அன்று இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து ஓடியிருக்கும். ஊசியை வேறு நாளில் வைத்துக்கொண்டால் இரத்தம் கட்டாது.

புத்தூர் தாத்தா:

எங்கள் பேத்திக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து ஓராண்டு ஆகிறது. வேலூரில் பார்க்கிறோம். வீட்டில் ஒரு கைக்குழந்தையும் இருக்கிறான். போலியோ முகாம் நாளில் பஸ் நிலையத்தில் ஒரு பெண் ஓடிவந்து அவன் வாயில் இரண்டு சொட்டு விட்டுவிட்டாள், சுண்டுவிரலில் மையும் வைத்துவிட்டாள். மருமகள் பதறிப்போய்விட்டாள். பதறத்தான் வேண்டுமா?

நகரி செவிலி:

பெரியவரே, அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள், அவள் வேலை அது. நாடு 2014இல் போலியோ இல்லாத நாடு என்று சான்று வாங்கியது அப்படி ஓடியவர்களால்தான். ஆனால் உங்கள் வீட்டுக்குச் சொட்டு ஏற்றதல்ல என்பது உண்மை. சொட்டில் இருக்கும் கிருமி குழந்தையின் மலத்தில் சில வாரம் வெளியேறும். மருமகளும் நீங்களும் அவன் துணியைத் துவைத்து, கால் கழுவிவிட்ட பிறகு ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பேத்தி அவனுக்குத் துணி மாற்றுவது, கால் கழுவுவது இரண்டும் வேண்டாம். நான்கிலிருந்து ஆறு வாரம் இப்படிக் கவனமாக இருந்தால் போதும். மருத்துவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இனி அவனுக்கு ஊசிப் போலியோ மட்டும் என்று அட்டையின் மேலேயே எழுதி வாங்குங்கள்.

அதற்காக அவனுக்கு மற்ற ஊசிகளை நிறுத்திவிடாதீர்கள். தட்டம்மை, சின்னம்மை ஊசிகளை வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கு அவசியம் போட வேண்டும். அவர்கள் நோயை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருந்தாலே பேத்திக்குப் பாதி பாதுகாப்பு. சின்னம்மை ஊசி போட்டபின் அவன் உடம்பில் கொப்புளம் தெரிந்தால் மட்டும், அது மறையும்வரை பேத்தியைத் தள்ளி வையுங்கள். ஃப்ளூ ஊசி உங்களுக்கும்தான், தாத்தா.

ஆரியங்காவு மருந்துக்கடை:

வெளியே வாங்கிப் போடுகிற ஊசியைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஒரு கடைக்காரனின் புலம்பல். சின்னம்மை, நியூமோகாக்கல் 23 எல்லாம் இங்கே இருப்பு வைப்பதில்லை. தென்காசியில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருகிறார்கள். ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி வரைதான் தாங்கும். செங்கோட்டை வெயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தால் உள்ளே இருப்பது வெறும் தண்ணீர்தான். இன்னும் சிலர் கெட்டிக்காரத்தனமாக ஐஸ் கட்டிக்குள் புதைத்துக்கொண்டு வருவார்கள். அதுவும் கேடு. ஹெபடைடிஸ் பி, டிபிடி, நியூமோகாக்கல் கான்ஜுகேட் உறைந்துவிட்டால் வீண், பார்த்தால் தெரியாது. ஊசி இருக்கிற இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோவதே மேல்.

கொழிஞ்சாம்பாறை அப்பா:

நியூமோகாக்கல் 23 என்றால் என்ன? அட்டையில் பிசிவி என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதுவும் காலி.

வாளையாறு கணக்கர்:

இரண்டும் நியூமோகாக்கஸ் கிருமிக்கான ஊசிகள்தான். பிசிவி என்பது கான்ஜுகேட் வகை. அரசு அட்டவணையில் 6 வாரம், 14 வாரம், 9 மாதம். நாடு முழுக்க வந்தது 2021இல்தான். அதற்கு முன் பிறந்த பல பிள்ளைகளுக்குப் போடவே இல்லை. நல்ல ஆரோக்கியமான பிள்ளை ஐந்து வயது தாண்டிவிட்டால் யாரும் கவலைப்படுவதும் இல்லை. நம் பிள்ளைகள் கதை வேறு. சிறுநீரில் ஒழுகுகிற புரதத்தோடு எதிர்ப்புப் புரதங்களும் போய்விடுகின்றன. வயிற்றில் நீர் கோத்திருக்கும்போது நியூமோகாக்கஸ் அதில் புகுந்தால் வயிறு முழுக்கச் சீழ் பிடிக்கும். என் மகன் அதில் ஒருமுறை மாட்டியிருக்கிறான். தொட்டால் அலறினான், வயிறு பலகையாக இருந்தது. ஆகவே முதலில் கான்ஜுகேட்டை முடித்து, எட்டு வாரம் கழித்து, இரண்டு வயதுக்கு மேலான பிள்ளைகளுக்கு 23 வகைக் கிருமிகளுக்கான மற்றதைப் போடுவார்கள். ஐந்தாண்டு கழித்து அதையே இன்னொரு முறை. இரண்டும் கொன்ற வகை. ஸ்டீராய்டு தடை இல்லை. காலிக் கட்டத்தைக் கோயம்புத்தூரில் முதலில் காட்டுங்கள்.

மீனாட்சிபுரம் வாசகி:

எல்லையில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. பிரசவம் பொள்ளாச்சியில், கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி எண் தமிழ்நாட்டில். பிறகு போட்ட ஊசிகள் கேரளத்து அட்டையில். தனியாரில் போட்டவை ஒரு துண்டுச் சீட்டில். ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாது. தடுப்பூசிகளை இணையத்தில் பதியும் யூ-வின் வந்த பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பரவாயில்லை. பெரிய பிள்ளைகளுக்கு நாமேதான் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் பெயர் சேர்க்கப் போகும்போது முதலில் கேட்பதே அதைத்தான்.

கொழிஞ்சாம்பாறை அப்பா:

நேற்று கோயம்புத்தூர் போய் வந்தோம். சிறுநீரக மருத்துவரும் குழந்தை மருத்துவரும் போனில் பேசிக்கொண்டார்கள். இத்தனை நாள் அதைச் செய்யச் சொல்லி நான் கேட்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. டிபிடி பூஸ்டரும் முதல் நியூமோகாக்கலும் அங்கேயே தொடைக்கு ஒன்றாகப் போட்டுவிட்டார்கள். ஹெபடைடிஸ் பி அளவைப் பார்க்க இரத்தம் எடுத்திருக்கிறார்கள். எம்எம்ஆரும் சின்னம்மையும் அடுத்த மாதம், மருந்து இன்னும் ஒரு படி குறைந்து, சிறுநீர் சுத்தமாகவே இருந்தால். எல்லாவற்றையும் மருந்தளவோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு உயிருள்ள ஊசிகளையும் ஒரே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் நான்கு வாரம் இடைவெளி வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். இன்று காலை பட்டையில் நெகட்டிவ்.

தேவிகுளம் தோட்டத்துக்காரர்:

இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

கொழிஞ்சாம்பாறை அப்பா:

எழுதுகிறேன் அண்ணா. அக்கா, ஒரு அவசரக் கேள்வி: இரவு முதல் மகளுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. 100 டிகிரி. வீட்டில் மெஃபனமிக் அமில சிரப் இருக்கிறது, கொடுக்கலாமா?

நகரி செவிலி:

கூடாது. மெஃபனமிக் அமிலம், ஐபுபுரூஃபன் இரண்டும் சிறுநீரகத்துக்கு ஆகாது. பாட்டிலை அலமாரியிலிருந்தே எடுத்துவிடுங்கள். பாரசிட்டமால் மட்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், ஆறு மணி நேர இடைவெளியில். 15 கிலோவுக்கு 225 மில்லிகிராம் வரை. சிரப் பாட்டிலில் 5 மில்லியில் 120 என்று போட்டிருக்கிறதா 250 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து அளந்து கொடுங்கள். ஊசிக் காய்ச்சல் ஓரிரு நாளில் இறங்கிவிடும். மூன்றாம் நாளும் சுட்டால், அல்லது வயிறு வலிக்கிறது என்றால், ஊசிக் காய்ச்சல்தானே என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.